முடியாட்சியை நீக்க மக்கள் இயக்கம் தேவையா?

2025 ஜூன் 7, சனிக்கிழமை, மாலை 6.15 (சிங்கப்பூர், ஈசூன் வட்டார வாசகரின் கேள்வி)

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசருக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரை நாட்டின் தலைவராக்க வேண்டும் என்று சிலர் ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக அலைகிறார்கள். சிங்கப்பூர் எந்த வாக்கெடுப்பும் இல்லாமல் ஒரே நாளில் குடியரசானது. பார்படோஸும் அப்படியே. ஆகவே இத்தகைய மக்கள் இயக்கங்களால் பயன் ஏதும் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

2025 ஜூன் 7, சனிக்கிழமை, இரவு 9.40

நான் மறுக்கிறேன். சிங்கப்பூரைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். 1959 முதல் நம் நாட்டின் தலைவருக்கு யாங் டி பெர்துவான் நெகாரா என்று பெயர். முதலில் சில மாதங்கள் வில்லியம் கூட் அப்பதவியில் இருந்தார்; அவருக்குப் பின் யூசோஃப் இஷாக் வந்தார். 1963 வரை பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியாகவும், பிறகு மலேசியக் கூட்டரசில் ஒரு மாநிலத்தின் தலைவராகவும் இருந்த அவர், 1965 ஆகஸ்ட் 9-இல் நாடு பிரிந்தபோது குடியரசின் அதிபரானார். அரசி வேண்டுமா, அதிபர் வேண்டுமா என்று நம் பெற்றோரின் வீட்டு வாசலில் நின்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அன்று நேரமும் இல்லை.

ஆனால், கேட்காமல் வந்த மாற்றத்துக்கும் கேட்டு வந்த மாற்றத்துக்கும் வேறுபாடு இல்லை என்று நீங்கள் முடிவு கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1999-இல் சிட்னியில் படித்துக்கொண்டிருந்தபோது நானே தாள்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்றவன். அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஆகஸ்ட் 9 அன்றே எல்லாம் நடந்து முடிந்ததைப் போல எழுதிவிட்டேன். நாட்டின் தலைவரை அதிபர் என்று மாற்றிய அரசமைப்புத் திருத்தம் 1965 டிசம்பர் 22-ஆம் தேதிதான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை ஆகஸ்ட் 9-ஆம் தேதிக்கே பின்தேதியிட்டார்கள். ஆகவே "ஒரே நாளில்" என்ற சொல்லுக்குப் பின்னால் நான்கு மாதச் சட்டப்பணி இருக்கிறது. வாசகரின் வாதம் இதனால் விழுந்துவிடாது என்றாலும் தேதியைச் சரியாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.05

சிட்னிக் கதை. 1999 நவம்பர் 6, சனிக்கிழமை, ஆஸ்திரேலியாவில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அரசியையும் அவருடைய தலைமை ஆளுநரையும் நீக்கிவிட்டு, நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நியமிக்கும் அதிபரைக் கொண்டுவரலாமா என்பது கேள்வி. நான் அப்போது ஹோம்புஷ் பகுதியில் ஓர் அறையில் குடியிருந்தேன். பக்கத்திலேயே அடுத்த ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்கான வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. அந்த வட்டாரத்தில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்ததால், குடியரசை ஆதரித்த உள்ளூர்க் குழு ஒன்று என்னிடம் இரண்டு பொறுப்புகளைக் கொடுத்தது. ஒன்று, அவர்களுடைய ஒரு பக்கத் தாளைத் தமிழாக்கித் தருவது. இன்னொன்று, தமிழ் வீடுகளுக்கு உடன் செல்வது.

வேலை எப்படி நடக்கும் என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாலை ஐந்து மணிக்கு இருவர் இருவராகப் பிரிவோம். ஒருவர் தெருவின் ஒற்றை எண் வீடுகள், மற்றவர் இரட்டை எண் வீடுகள். கதவு திறக்காவிட்டால் தபால் பெட்டியில் ஒரு தாள். திறந்தால் பேசுவதற்கு முப்பது விநாடிதான் உண்டு. அந்த முப்பது விநாடிக்குள் சொல்ல வேண்டிய வாசகத்தை எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள்: "நம் நாட்டின் தலைவர் நம்மில் ஒருவராக இருக்க வேண்டாமா?" திரும்பி வந்ததும் வீட்டு எண்ணுக்கு எதிரே ஆதரவு, எதிர்ப்பு, முடிவு செய்யவில்லை என மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அந்தத் தாளில் நான்காவது கட்டம் ஒன்று இருந்திருந்தால், "கேள்வி கேட்டார்" என்று எழுதியிருப்பேன். அப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம்.

வாக்கெடுப்புக்கு மறுநாள் தீபாவளி. அதனால் அந்த வாரம் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் எண்ணெய் வாசனை முதலில் வந்து நிற்கும். ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், முறுக்கு பிழிந்த கையோடு கதவைத் திறந்தார்.

"வாங்கோ தம்பி, வாசலில நிக்காதேங்கோ" என்று உள்ளே அழைத்து உட்கார வைத்து, தாளை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். அதுவரை யாரும் என் தாளை முழுவதும் படித்ததில்லை. பிறகு கேட்டார்: "அப்ப இந்த அதிபரை ஆர் தெரிவு செய்யிறது? நாங்களோ?"

நாடாளுமன்றம் என்றேன்.

"ஆர் நீக்கிறது?"

பிரதமர் நீக்கலாம் என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, எழுபத்திரண்டிலயும் குடியரசு எண்டுதான் சொன்னவை. எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. மகாதேசாதிபதியா இருந்தவரே சனாதிபதியா வந்து இருந்தவர். மாறினது எங்கட பாதுகாப்புத்தான்" என்றார். மகாதேசாதிபதி என்பது இலங்கையில் தலைமை ஆளுநருக்கு வழங்கிய பெயர்.

எனக்கு மனப்பாடம் செய்து கொடுத்த வாசகத்தில் இதற்குப் பதில் இல்லை. முறுக்கை வாங்கிக்கொண்டு திரும்பினேன். தாளில் "முடிவு செய்யவில்லை" என்று குறித்தேன். அது தவறான குறிப்பு. அவர் எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக யோசித்து வைத்திருந்தார்.

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, இரவு 9.15

அந்த வாக்கெடுப்பு எப்படித் தோற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதரவு 45.13 விழுக்காடு, எதிர்ப்பு 54.87 விழுக்காடு. அங்கே அரசமைப்பை மாற்ற நாடு முழுவதிலும் பெரும்பான்மை வேண்டும். அதோடு ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கிலும் பெரும்பான்மை வேண்டும். விக்டோரியாவும் தலைநகர்ப் பிரதேசமும் மட்டும் ஆதரித்தன. 1901 முதல் இன்றுவரை 45 திருத்தங்கள் மக்கள் முன் வைக்கப்பட்டு 8 மட்டுமே நிறைவேறியிருக்கின்றன என்பதை நினைத்தால், வாசலில் நின்றவர்களின் சுமை எவ்வளவு என்று விளங்கும்.

மக்கள் அரசியின்மீது கொண்ட பற்றால் தோற்றது என்று பலர் எழுதுகிறார்கள். நான் தட்டிய கதவுகளில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் "வேண்டாம்" என்றவர்களில் பெருந்தொகையினர் குடியரசை விரும்பியவர்கள். தாங்களே நேரடியாக வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். எதிர்த் தரப்பு இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. "அரசியல்வாதிகளின் குடியரசுக்கு வேண்டாம் என்று வாக்களியுங்கள்" என்று தட்டிகள் வைத்தது. முடியாட்சியைக் காக்க விரும்பியவர்களும், நேரடித் தேர்தலை வேண்டிய குடியரசுவாதிகளும் ஒரே அணியில் நின்றார்கள்.

விரிசல் முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1998 பிப்ரவரியில் கான்பராவின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் 152 பேராளர்கள் கூடினார்கள். அவர்களில் பாதிப் பேர் மக்கள் அஞ்சல்வழி வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். கடைசியில் எந்த அமைப்பு மக்கள் முன் வைக்கப்பட்டதோ அதற்குக் கிடைத்த ஆதரவு 73 வாக்குகள். எதிர்த்தவர்கள் 57 பேர், வாக்களிக்காதவர்கள் 22 பேர். பாதிக்கும் குறைவான பேராளர்கள் ஆதரித்த ஓர் அமைப்பைத்தான் நாங்கள் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போனோம். அது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அம்மாவின் முன் அவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

அதிபரை நீக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பிரதமர் கையெழுத்திட்ட ஓர் ஆணையால் அதிபரை உடனே நீக்கலாம். முப்பது நாளுக்குள் கீழவையின் ஒப்புதலைப் பெற வேண்டும். கீழவை மறுத்தாலும் நீக்கப்பட்டவர் திரும்பி வர முடியாது. 1975 நவம்பர் 11-இல் தலைமை ஆளுநர் ஜான் கெர், பிரதமர் விட்லமைப் பதவி நீக்கிய நிகழ்ச்சியை மறக்காத நாடு அது. இம்முறை நாற்காலி பிரதமரின் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மக்கள் உடனே உணர்ந்துகொண்டார்கள்.

2025 ஜூன் 11, புதன்கிழமை, காலை 6.50

மேலே விக்டோரியா ஆதரித்தது என்று எழுதியது பிழை. அங்கே ஆதரவு 49.84 விழுக்காடு, மயிரிழையில் தவறியது. ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. தலைநகர்ப் பிரதேசம் மட்டுமே ஆதரித்தது; அது மாநிலமாகக் கணக்கில் வராது. சுட்டிக்காட்டிய பெடோக் வாசகருக்கு நன்றி.

2025 ஜூன் 14, சனிக்கிழமை, மாலை 4.30

1972-இல் அந்த அம்மாவின் ஊரில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் இந்த விவாதத்தைத் தமிழில் நடத்துவது முறையாகாது. நம்மில் பலருக்கு அது செய்தித்தாளில் படித்த வரலாறு. அவருக்கு அது தன் வாழ்க்கை.

இலங்கையில் 1970 தேர்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வென்ற ஐக்கிய முன்னணி, நாடாளுமன்ற உறுப்பினர்களையே அரசியல் நிர்ணய சபையாகக் கூட்டியது. பிரிட்டிஷ் அரசியைத் தலைவராகக் கொண்ட சோல்பரி அரசமைப்பை விட்டு வெளியேறிப் புதிதாக ஒன்றை எழுதுவது நோக்கம். தமிழரசுக் கட்சி சபைக்குள் சென்று திருத்தங்களை முன்வைத்தது. அவை ஏற்கப்படாமல் போகவே 1971 ஜூனில் வெளியேறியது. 1972 மே 22-இல் குடியரசு பிறந்தது. பழைய அரசமைப்பின் 29-ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்று நாடாளுமன்றத்தைத் தடுத்திருந்தது. புதிய அரசமைப்பில் அந்தப் பிரிவு இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது. தலைமை ஆளுநர் வில்லியம் கொபல்லாவ முதல் சனாதிபதியானார்.

அந்தச் சனாதிபதி தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், பிரதமரின் நியமனம். மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் சனாதிபதித் தேர்தல் 1982 அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் அப்பதவிக்கு ஆட்சி அதிகாரம் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே ஈசூன் வாசகருக்கு என் முதல் பதில் இதுதான். மேலிருந்து வரும் குடியரசில், அரசரின் பெயர் அழிக்கப்படும் அதே காகிதத்தில் வேறு என்னென்ன அழிக்கப்படுகின்றன என்று பார்ப்பதற்கு ஆள் இருக்காது. வாசலுக்கு வாசல் செல்லும் இயக்கம் இருந்தால் அந்தக் காகிதத்தை யாராவது ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டுப் படிப்பார்.

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.10

"நீங்கள் சிங்கப்பூரர். வேறொரு நாட்டின் வாக்கெடுப்பில் உங்களுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் வெளிநாட்டவர் தேர்தல் பரப்புரையில் ஈடுபடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதை நான் சரி என்றே கருதுகிறேன். அங்கே சட்டத்தடை இருக்கவில்லை, எனக்கு வயது இருபத்திரண்டு, அழைத்தார்கள், போனேன். இன்று என்றால் தாளைத் தமிழாக்கிக் கொடுப்பதோடு நின்றிருப்பேன். வாக்குரிமை இல்லாத ஒருவன், வாக்குரிமை உள்ள ஒருவரின் வாசலில் நின்று இப்படி வாக்களியுங்கள் என்று சொன்னது சரியில்லை. மொழிபெயர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. தன் மொழியில் படித்ததால்தான் அந்த அம்மாவால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

2025 ஜூன் 21, சனிக்கிழமை, இரவு 8.45

அரசரை விரும்புகிறவர்கள் அடிமைப் புத்தி உள்ளவர்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்து மனம் வருந்தினேன்.

என் தாத்தா புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்காரர். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர் என்று யாராவது சொன்னால் உடனே மறுப்பார்: "நாங்க தொண்டைமான் சீமை." சிராங்கூன் சாலையில் நாற்பது ஆண்டு மூட்டை தூக்கியவர். அவர் வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியில் ஓர் அம்மன் காசு இருக்கிறது. இதை எழுதும்போது என் மேசைமேல் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய". விரல் பட்டுப் பட்டு அம்மனின் முகம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. நவராத்திரியில் அரண்மனையில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசைக் கொடுப்பார்கள். தாத்தா சிறுவனாக வரிசையில் நின்று வாங்கியது.

1948 மார்ச்சில் அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. தாத்தா அதை இங்கே ஒரு காப்பிக்கடையில் யாரோ சொல்லக் கேட்டறிந்தார். மகாராஜா போனதில் அவருக்கு வருத்தம் உண்டு. தேர்தல் வந்ததில் மகிழ்ச்சியும் உண்டு. இரண்டும் ஒரே மனத்தில் இருந்தன. இவரையா அடிமைப் புத்திக்காரர் என்பது?

சிட்னியிலும் வரவேற்பறையில் அரசியின் படம் மாட்டியிருந்த வீடுகளைப் பார்த்தேன். எங்கள் குழுவில் சிலர் அப்படிப்பட்ட வீட்டை உடனே "எதிர்ப்பு" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். தேய்ந்த காசை வைத்திருப்பவரிடம் போய் அந்தக் காசு செல்லாது என்று சொல்வதால் என்ன பயன்? அவர் அதைச் செலவழிக்கவா வைத்திருக்கிறார்? அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். 1946 ஜூன் 2-இல் இத்தாலியர் குடியரசைத் தேர்ந்தெடுத்தபோதும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அரசருக்கு வாக்களித்தார்கள். குடியரசுக்குக் கிடைத்தது 54.3 விழுக்காடு. மறுநாளும் அதே ஊரில் அவர்கள் எல்லோரும் சேர்ந்தே வாழ வேண்டியிருந்தது.

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.00

நேரடித் தேர்தல்தான் தீர்வு என்று நான் சொல்வதாக இருவர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இல்லை. அதன் சிக்கல் நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் அதிபரை 1965 முதல் நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. 1991-இல் அரசமைப்பு திருத்தப்பட்டு, முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த நிதியிருப்பையும் முக்கிய அரசுப் பதவி நியமனங்களையும் காக்கும் பொறுப்பு அதிபருக்குத் தரப்பட்டது; மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது என்றானது. 1993 ஆகஸ்ட் 28-இல் ஓங் டெங் சியோங் 58.7 விழுக்காடு பெற்று வென்றார். காக்க வேண்டிய நிதியிருப்பின் விவரத்தை அவர் கேட்டபோது, அதைத் தொகுக்க ஒருவர் 56 ஆண்டு செய்யும் அளவு வேலை இருக்கிறது என்று அவருக்குப் பதில் வந்தது. மக்கள் வாக்குப் பெற்ற தலைவருக்கும் மக்கள் வாக்குப் பெற்ற அரசாங்கத்துக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே என்பது, தேர்தல் முடிந்த பிறகு நாம் கற்றுக்கொண்ட பாடம்.

2011-இல் நான்கு வேட்பாளர்கள். நால்வரின் குடும்பப் பெயரும் டான். டோனி டான் 35.2 விழுக்காட்டில் வென்றார்; அடுத்து வந்த டான் செங் போக்கைவிட 7,382 வாக்குகள்தாம் கூடுதல். 2017-இல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில் ஹலிமா யாக்கோப் போட்டியின்றித் தேர்வானார். தனியார் துறையிலிருந்து வருபவர் 500 மில்லியன் வெள்ளி பங்குதாரர் மூலதனம் உள்ள நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. 2023 செப்டம்பர் 1-இல் தர்மன் சண்முகரத்னம் அன்னாசிப் பழச் சின்னத்தில் நின்று 70.4 விழுக்காடு பெற்றார். அன்று எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கல் நாள் போல இருந்தது. ஒரு தமிழர் என்பதைத் தாண்டி, பல ஆண்டுகளுக்குப் பிறகு வாக்குச்சீட்டைக் கையில் வாங்கி அதிபரைத் தேர்ந்தெடுத்த மகிழ்ச்சி அது. 1999-இலும் 2005-இலும் எஸ். ஆர். நாதன் போட்டியின்றியே பதவிக்கு வந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே "தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்" என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனையோ கேள்விகள் உறங்குகின்றன. யார் நிற்கலாம், எத்தனை பேர் நிற்கலாம், வென்றவருக்கு என்ன அதிகாரம் என்பனவற்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அயர்லாந்து இதை நன்றாகச் செய்திருக்கிறது. அங்கே அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏழாண்டுப் பதவி, வேட்பாளராக வேண்டுமானால் நாடாளுமன்ற உறுப்பினர் 20 பேரோ, உள்ளாட்சி மன்றங்கள் நான்கோ முன்மொழிய வேண்டும். அதிகாரம் குறைவு, எல்லை தெளிவு. ஹோம்புஷ் தெருக்களில் எங்கள் கையில் அயர்லாந்தைப் பற்றி இரண்டு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

2025 ஜூன் 28, சனிக்கிழமை, இரவு 9.30

பார்படோஸ், நேப்பாளம், பிரிட்டன் மூன்றையும் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

பார்படோஸில் 2021 நவம்பர் 30 நள்ளிரவில் சாண்ட்ரா மேசன் முதல் அதிபரானார். தலைமை ஆளுநராக இருந்த அவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தேர்ந்தெடுத்தன, பொதுவாக்கெடுப்பு இல்லை. ஆனால் குடியரசாக வேண்டும் என்ற பரிந்துரை 1998-லேயே அரசமைப்பு மறுஆய்வுக் குழுவிடமிருந்து வந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசிப் பழகிய முடிவு அது. திடீரென்று வந்ததாக ஈசூன் வாசகர் கொண்டது சரியில்லை.

நேப்பாளத்தில் 2006 ஏப்ரலில் பத்தொன்பது நாள் மக்கள் தெருவில் நின்றார்கள். என்னோடு முன்பு வேலை செய்த காட்மாண்டுக்காரர் ஒருவர், ஊரடங்கு உத்தரவை மீறி வட்டச்சாலை நெடுக மக்கள் வெள்ளம் நகர்ந்ததையும், வீட்டு மாடிகளிலிருந்து பெண்கள் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததையும் கண்கலங்கச் சொல்வார். கலைக்கப்பட்ட நாடாளுமன்றத்தை மன்னர் ஞானேந்திரா மீண்டும் கூட்டினார். 2008 மே 28-இல் அரசியல் நிர்ணய சபை 560-க்கு 4 என்ற வாக்கில் முடியாட்சியை நீக்கியது. எனினும், இந்த ஆண்டு மார்ச்சில் அதே நகரில் மன்னர் திரும்பி வர வேண்டும் என்று நடந்த பேரணி வன்முறையில் முடிந்து இருவர் இறந்தார்கள். நீக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை.

பிரிட்டனில் 2023 மே 6, முடிசூட்டு நாளன்று, "என் அரசர் அல்லர்" என்ற மஞ்சள் தட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோதே "ரிபப்ளிக்" அமைப்பின் கிரஹாம் ஸ்மித்தும் உடனிருந்த ஐவரும் கைது செய்யப்பட்டார்கள். தட்டிகளைக் கட்டி வைத்திருந்த பட்டைகள், சாலையில் தங்களைப் பிணைத்துக்கொள்ளும் கருவிகளாக இருக்கலாம் என்று சந்தேகமாம். சில நாள்களுக்கு முன்புதான் அதற்கான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பல மணி நேரத் தடுப்புக்குப் பின் குற்றச்சாட்டு ஏதும் இன்றி விடுவித்தார்கள். காவல்துறை வருத்தம் தெரிவித்தது. ஒரு முழு நாள், அவர்கள் வாய் திறந்து பேச வேண்டிய நாள், அவர்களிடமிருந்து பறிபோனது.

2025 ஜூலை 5, சனிக்கிழமை, இரவு 10.20

ஒரு மாதம் கழித்து என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். "நான் மறுக்கிறேன்" என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு ஒரு நல்ல சான்றை இதுவரை தரவில்லை. இப்போது தருகிறேன்.

1999-இல் தோற்ற ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கம் 2022 ஜனவரியில் ஒரு புதிய முறையை வெளியிட்டது. மாநிலங்களும் பிரதேசங்களும் ஆளுக்கு ஒருவரையும், மத்திய நாடாளுமன்றம் மூவர் வரையிலும் முன்மொழியலாம். மொத்தம் அதிகபட்சம் 11 வேட்பாளர்கள். அவர்களிலிருந்து மக்கள் வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். அரசியல்வாதிகளின் குடியரசு என்று அன்று தட்டியில் எழுதியவர்களின் கோரிக்கையில் பாதியாவது இதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் மேலிருந்து இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசல்தோறும் கிடைத்த "வேண்டாம்" தான் இருபத்திரண்டு ஆண்டு கழித்து அந்த வடிவத்துக்கு வந்தது. தோற்ற இயக்கம் செய்த வேலை இது.

இதுவும் குறையற்றது அல்ல. முன்மொழிவது இன்னமும் அரசியல்வாதிகளே. அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வி, நீக்குவது யார் என்பது, இன்னும் கடினமானது. ஆனால் அதைக் கேட்காமல் அங்கே இனி யாரும் ஒரு தாளை அச்சடிக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, காலை 8.00

1999 வாக்குச்சீட்டில் என்னதான் எழுதியிருந்தது என்று ஈசூன் வாசகர் கேட்டிருக்கிறார். என் பழைய தமிழ்த்தாளின் ஒரு படி கிடைத்தது, அதிலுள்ளபடியே தருகிறேன்: "ஆஸ்திரேலியாவைக் குடியரசாக நிறுவி, அரசிக்கும் தலைமை ஆளுநருக்கும் பதிலாக, நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரால் நியமிக்கப்படும் அதிபர் ஒருவரை ஏற்படுத்த அரசமைப்பைத் திருத்தும் சட்டம். இத்திருத்தத்தை ஏற்கிறீர்களா?"

தாளின் இடப்பக்கத்தில் ஒரு பழுப்பு நிற எண்ணெய்க் கறை இருக்கிறது. அந்த அம்மா படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்த படி இதுதான். "நியமிக்கப்படும்" என்ற சொல்லின் கீழே விரலை வைத்துக்கொண்டுதான் அவர் என்னிடம் கேட்டார்.